சீகன்பால்கு வீட்டில் ஒரு கைம்பெண்

தரங்கம்பாடிக்கு நான் பலமுறை போயிருக்கிறேன். மாணவிகளை அழைத்துக்கொண்டு போயிருக்கிறேன். நாகப்பட்டினம் பக்கம் கருத்தரங்குக்குப் போகிற வழியில் இறங்கிப் பார்த்திருக்கிறேன். அம்மாவோடு போனது ஒரே ஒரு முறைதான். அதற்கு முன் அந்த ஊரைப் பற்றி வகுப்பில் நான் சொல்லிவந்த பல விஷயங்களை அதன் பிறகு அப்படியே சொல்ல முடியவில்லை.

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையம், அங்கிருந்து காரைக்கால் பஸ். சிதம்பரம், சீர்காழி, திருக்கடையூர், அதற்கடுத்து தரங்கம்பாடி. அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது, ஜன்னலோர இருக்கைதான் வேண்டும். திருக்கடையூரில் பட்டுப்புடவையும் மாலைப் பையுமாக ஒரு குடும்பமே இறங்கியது. அறுபதாம் கல்யாணம். அம்மா அவர்கள் இறங்கி முடிக்கும்வரை முன்சீட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த ஊருக்கெல்லாம் ஜோடியா வரணும்" என்று மட்டும் சொன்னாள். அப்பா இறந்து இருபத்தொரு வருடம் ஆகிறது.

தரங்கம்பாடியில் 1792இல் கட்டிய நுழைவாயிலைத் தாண்டியதும் ராஜவீதி. கடலை நோக்கிப் போகும் அந்த ஒரே தெருவில் மூன்று நூற்றாண்டு வரிசையாக நிற்கிறது. 1701இல் டேனிஷ்காரர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட சியோன் தேவாலயம். 1718இல் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்காகக் கட்டப்பட்ட புதிய எருசலேம் தேவாலயம். தெருக்கோடியில் 1620இல் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டை. 1706 ஜூலை 9 அன்று டென்மார்க் அரசரால் அனுப்பப்பட்டு, பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஹைன்ரிஷ் புளுட்சாவ் என்ற இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் இங்கே வந்து இறங்கினார்கள். சீகன்பால்குவுக்கு அப்போது இருபத்து மூன்று வயதுதான். அவர் பெயரால் அழைக்கப்படும் பழைய மிஷன் வீட்டை, ஜெர்மனியின் ஹாலே நகரத்து ஃபிராங்கே நிறுவனத்தார் முன்னின்று புதுப்பித்து, 2017இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். பண்பாடுகளுக்கிடையிலான உரையாடலுக்கான அருங்காட்சியகம் என்று அதற்குப் பெயர்.

அந்தப் பெயரிலிருந்தே தொடங்கலாம் என்று நினைக்கிறேன். உரையாடல் என்றால் குறைந்தது இரண்டு பேர் வேண்டும்.

சீகன்பால்குவின் கதை நம் மாணவிகளுக்கு மனப்பாடம். தமிழ் இலக்கிய வரலாற்றுத் தாளில் ஐந்து மதிப்பெண் கேள்வி அது. தமிழில் முதல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார், 1715. ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துருக்கள் வந்தன, 1713. பொறையாற்றில் காகித ஆலை. பெண்களுக்குப் பள்ளிக்கூடம், 1707. கோட்டைச் சிறையில் நான்கு மாதம். 1719இல் முப்பத்தாறு வயதில் மரணம், புதிய எருசலேம் தேவாலயத்தில் அடக்கம். இதில் "சிறையில் நான்கு மாதம்" என்ற வரியை நானும் பத்து வருடம் வேகமாகக் கடந்து போயிருக்கிறேன். தளபதி ஹாசியுஸ் கொடியவர், மிஷனரி நல்லவர், அவ்வளவுதான் என்று.

அவர் ஏன் சிறைக்குப் போனார்? ஒரு கைம்பெண்ணுக்காக.

தரங்கம்பாடியில் ஒரு தமிழ் நாவிதர் இறந்துபோனார். அவருக்கும், கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒரு கத்தோலிக்கருக்கும் இடையே ஒரு கடன் விவகாரம் இருந்தது. நாவிதரின் மனைவி நியாயம் கேட்டு அலைந்தாள். சீகன்பால்கு அவளுக்காகத் தலையிட்டார், ஒருமுறையோடு நிற்காமல் திரும்பத் திரும்பத் தலையிட்டார். டேனிஷ்காரர்களின் தேவாலயத்துக்கே போய்த் தளபதியின் முன் மண்டியிடு என்று அவளுக்கு யோசனையும் சொன்னார். தளபதிக்கு அது அவமரியாதையாகப் பட்டது. கூப்பிட்டு அனுப்பினார். எழுத்தில் அழைப்பாணை கொடுங்கள் என்றார் சீகன்பால்கு. கைது. கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்ததால் சிறை. 1708ஆம் ஆண்டின் கடைசியில் உள்ளே போனவர் 1709இல்தான் வெளியே வந்தார்.

மிஷன் வரலாற்றில் இது விசுவாசத்துக்காகப் பட்ட பாடு. எனக்கு அது முதலில் ஒரு மொழிச் சிக்கலாகத் தெரிகிறது. அவளுடைய எதிர்வழக்காளி யார் என்று பாருங்கள்: மொழிபெயர்ப்பாளர். அவளுடைய தமிழைத் தளபதியின் காதுக்குக் கொண்டுபோக வேண்டிய ஆளே அவளுக்கு எதிரில் நிற்கிறார். மிச்சம் இருந்த ஒரே வழி, இரண்டு வருடமாகத் தமிழ் கற்றுக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார இளைஞன். அவனுடைய தமிழில் அவள் சொன்னதில் எவ்வளவு போய்ச் சேர்ந்திருக்கும்? கடைசியில் அவளுக்குக் கிடைத்த யோசனை, பேசு என்பது அல்ல, மண்டியிடு என்பது. மொழி போய்ச் சேராத இடத்தில் உடம்பைக் கொண்டுபோய் வைப்பது. பெண்ணின் முறையீடு எப்போதுமே அப்படித்தான் முடிகிறது. கண்ணகிக்குக் கூடச் சிலம்பை உடைத்துக் காட்ட வேண்டியிருந்தது.

சீகன்பால்குவை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த ஊரில் ஒரு நாவிதரின் மனைவிக்காகச் சிறைக்குப் போகத் துணிந்த வேறு ஆண் யாரும் நம் வரலாற்றில் பதிவாகவில்லை. அதே காலத்தில் அவர் சிக்கிக்கொண்ட இன்னொரு தகராறிலும் ஒரு பெண் இருந்தாள். டேனிஷ் சிப்பாய் ஒருவனுக்கும் கிறிஸ்தவரல்லாத பெண் ஒருத்திக்கும் பிறந்த குழந்தையைக் கத்தோலிக்கராக வளர்ப்பதா, புராட்டஸ்டன்டாக வளர்ப்பதா என்பது வழக்கு. சபைகள் மோதிக்கொண்டன. பெற்றவளுக்கு என்ன விருப்பம் என்று கேட்டதாக அந்தக் கதை எங்கும் சொல்லவில்லை. ஹாசியுஸுக்குப் பெயர் இருக்கிறது, சீகன்பால்குவுக்கு இருக்கிறது. நாவிதரின் மனைவி, சிப்பாயின் குழந்தைக்குத் தாய். இவர்கள் உறவுமுறையாக மட்டும் இருக்கிறார்கள்.

இங்கே ஒரு ஊகம் செய்துகொள்கிறேன், ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்களில் நாவிதர் வீட்டுப் பெண்கள்தான் மருத்துவச்சிகள். எங்கள் ஆயாவுக்குப் பேறு பார்த்ததும் அப்படி ஒரு அம்மாதான். தரங்கம்பாடியிலும் அப்படி இருந்திருந்தால், அந்தச் சிப்பாயின் குழந்தையை முதலில் கையில் ஏந்தியவள் நாவிதரின் மனைவியாகக்கூட இருக்கலாம். இரண்டு பெண்களும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாக இருக்கலாம். ஒரு கவிஞருக்கு இது போதும், ஒரு நீண்ட கவிதை எழுதிவிடலாம். ஆய்வாளருக்குப் போதாது. இரண்டு வேலையையும் செய்பவள் என்பதால் இந்த இடத்தில் நான் நின்றுவிடுகிறேன்.

அருங்காட்சியகம் என்பது பொருள்களால் பேசுகிற பிரதி. அச்சு ஒரு பொருள், புத்தகம் ஒரு பொருள், உருவப்படம் ஒரு பொருள். அந்த வீட்டுச் சுவரும் மரத்தூண்களும்கூட, எவ்வளவு அழகாகப் புதுப்பிக்கப்பட்டிருக்கின்றன! 2004 சுனாமி அடித்துப் போட்ட ஊர் அது. கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயிலைக் கடல் ஏற்கெனவே பாதி தின்றுவிட்டது. அந்த ஊரில் ஒரு கட்டடத்தைக் காப்பாற்றுவது சாதாரண வேலையல்ல. ஆனால் கட்டடத்தைக் காப்பாற்றும்போது, கட்டடம் யாருக்குச் சொந்தமாக இருந்ததோ அவர்களுடைய கதையும் கூடவே காப்பாற்றப்படுகிறது. கட்டடம் இல்லாதவர்களின் கதை எங்கே தங்கும்? ஒரு கடன், ஒரு முறையீடு, மண்டியிட்ட முழங்கால் இவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க முடியாது. விட்டுப்போனது கெட்ட எண்ணத்தால் என்று நான் சொல்லவில்லை. அந்த வடிவத்திலேயே அவளுக்கு இடம் கிடைப்பது கடினம்.

அம்மா ஒவ்வொரு தகவலையும் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிதானமாகப் படித்தாள். ஓய்வுபெற்ற ஆசிரியை, படிக்காமல் நகரமாட்டாள். ஓலைச்சுவடிகளைப் பற்றி நான் அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். அங்கேதான் எனக்கு இரண்டாவது அடி விழுந்தது.

தமிழ் கற்ற வேகத்தில் சீகன்பால்கு ஓலைச்சுவடிகளைச் சேகரித்தார். 1708இல் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்குக் குறிப்புரையோடு ஒரு பட்டியல் தயாரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். தமிழ் நூலடைவு வரலாற்றில் அது ஒரு மைல்கல், முனைவர் பட்ட ஆய்வில் நானே மேற்கோள் காட்டியிருக்கிறேன். அந்தச் சுவடிகள் எப்படிக் கிடைத்தன? தன்னிடம் வேலை பார்த்த தமிழ் எழுத்தர்களை உள்நாட்டுக்கு அனுப்பி, பிராமணக் கைம்பெண்களிடமிருந்தும் மலிவாக வாங்கினார். அவரே எழுதிவைத்த செய்தி இது.

இதை அம்மாவிடம் சொன்னபோது, "பின்ன என்னா செய்வா? வீட்டுக்காரன் போனதும் அந்த ஓலைய அவ படிக்கவா போறா? வயித்துக்கு வேணுமில்ல" என்றாள். ஆசிரியைக்கே உரிய கணக்குச் சுத்தத்தோடு சொன்னாள். படிக்கக் கூடாதவள் கையில், படித்தவன் விட்டுப்போன சொத்து. அவளுக்கு அது எழுத்தல்ல, எடை. விற்றாள். வாங்கியவர் படித்தார், பட்டியலிட்டார், கடல் கடந்து அனுப்பினார். நம் இலக்கியச் செல்வம் காப்பாற்றப்பட்டது என்று நான் வகுப்பில் சொல்வது இந்த விற்பனையைத்தான். உரையாடல் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மலிவு என்ற சொல்லையும் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சங்க இலக்கியம் நடத்துகிறவள் என்பதால் எனக்குப் பருத்திப் பெண்டு நினைவுக்கு வருகிறாள். ஆளில் பெண்டிர் என்றும் அவர்களைச் சொல்வார்கள். கணவனில்லாமல், நூல் நூற்று வயிறு வளர்த்த பெண்கள். சங்கப் பாடல்களில் அவர்கள் உவமைக்குள் வந்து போவார்கள், பாட்டின் தலைவியாக ஆகமாட்டார்கள். வேறெதையோ விளக்குவதற்காக அவர்களுடைய உழைப்பு எடுத்துக்காட்டப்படும். மிஷன் வரலாற்றில் கைம்பெண்கள் வருவதும் இதே இலக்கணப்படிதான். ஒருத்தி மிஷனரியின் துணிவை விளக்குகிறாள். இன்னொருத்தி அவருடைய அறிவுத்தாகத்தை விளக்குகிறாள்.

அவர் மனைவி மரியா டொரத்தேயாவை மட்டும் விட்டுவிட முடியுமா? 1716இல் அவரோடு கப்பலேறி வந்தவர். 1719 பிப்ரவரியில், வந்து மூன்று வருடம்கூட ஆகாமல், அவரும் கைம்பெண்தான். அவருக்குப் பெயராவது இருக்கிறது. ஒரு முக்கியமான வேடிக்கை: 1708இலேயே சீகன்பால்கு ஜெர்மனில் மொழிபெயர்த்த தமிழ் நூல்களில் ஒன்று கொன்றைவேந்தன். ஔவையார் பெயரில் வழங்கும் நூல். ஆக, அந்த வீட்டுக்குள் ஆசிரியர் என்ற தகுதியோடு நுழைந்த தமிழ்ப் பெண் ஔவை ஒருத்திதான். அவளும் துணையில்லாத கிழவியாகத்தான் நம் மனதில் இருக்கிறாள், அவள் பெயரும் ஒருத்தியின் பெயரல்ல. அவர் எழுதிய தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாறு 1713இல் முடிந்தும், 1867இல் சென்னையில்தான் அச்சேறியது. புறச்சமயத்தை ஒழிக்கப் போனவர் அதைப் பற்றிப் புத்தகம் எழுதுவதா என்று ஹாலேயில் முகம் சுளித்தார்கள். அவருக்கும் வாய்க்கட்டு இருந்தது என்பதைப் பெண்கள் நாம் கொஞ்சம் பரிவோடுதான் படிக்க வேண்டும்.

சொத்துள்ள கைம்பெண்ணின் கதை வேறு. பாளையங்கோட்டையில் கிளாரிந்தா பெயரில் இன்றும் ஒரு தேவாலயம் இருக்கிறது, 1785இல் அவர் கட்டியது. தஞ்சைப் பக்கத்துப் பிராமணக் கைம்பெண். ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு வாழ்ந்தார். தரங்கம்பாடி மிஷன் வழிவந்த சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் கேட்டபோது, மணமாகாமல் சேர்ந்து வாழ்கிறாய் என்று அவர் மறுத்தார். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778இல்தான் கொடுத்தார். இரண்டாம் முறை துணையை இழந்த பிறகே அவர் தகுதி பெற்றார் என்று படிக்கலாம். அ. மாதவையா 1915இல் அவரைப் பற்றி ஆங்கிலத்தில் நாவலே எழுதினார். கட்டடம் கட்டியவளுக்குப் பெயர் தங்கியது. மறுபடியும் கட்டடம்.

எங்கள் கடலூர்க்காரர்களுக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. முதல் தமிழ் லூத்தரன் போதகராக 1733இல் தரங்கம்பாடியில் பட்டம் பெற்ற ஆரோன், கடலூரில் ஆறுமுகமாகப் பிறந்தவர். 1737இல் கடலூரிலேயே ஆங்கில ஆதரவில் ஒரு மிஷன் தொடங்கியது. கீர்நாண்டர் என்ற சுவீடன்காரர் 1740 முதல் இங்கே இருந்தார். 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் கடலூரைப் பிடித்ததும் கல்கத்தாவுக்குப் போய்விட்டார். மஞ்சக்குப்பத்தில் யாரைக் கேட்டாலும் கிளைவைச் சொல்வார்கள், ஆரோனைச் சொல்லமாட்டார்கள். நூறு வருடம் கழித்து, சபைக்குள் சாதியை விட்டுவைப்பதா என்ற சண்டையில் லைப்சிக் மிஷனை விட்டு வெளியேறிய கார்ல் ஓக்ஸ், 1860களின் தொடக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் பெதானியாவை நிறுவினார். டேனிஷ் மிஷன் இந்தப் பக்கம் வேரூன்றியது அப்படித்தான். அந்தச் சண்டையின் ஆழம் தெரிய வேண்டுமானால் புதிய எருசலேம் தேவாலயத்தில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். சூத்திரக் கிறிஸ்தவருக்கு ஓரிடம், பறையர் கிறிஸ்தவருக்கு வேறிடம் என்று ஒரே ஆண்டவருக்கு முன்னால் தனித்தனியே உட்கார்ந்த வரலாறு அந்தச் சபைக்கு உண்டு. ஆண் பெண் பிரிவு அதற்குள் இன்னொரு கோடு. கடைசிக் கட்டத்தில் யார் உட்கார்ந்திருப்பாள் என்று எளிதாக ஊகிக்கலாம்.

அம்மா அந்தத் தேவாலயத்தில்தான் பேசினாள். நாங்கள் கிறிஸ்தவர்கள் அல்ல. ஆனால் அம்மா படித்தது ஒரு மிஷன் விடுதியில். எந்த மிஷன், எந்த ஊர் என்பது இங்கே தேவையில்லை, கடலூர் அல்ல. எங்கள் ஆயா இருபத்தாறு வயதில் கணவனை இழந்தவள். இரண்டு ஏக்கர் மானாவாரியை மைத்துனன் எழுதி வாங்கிக்கொண்டான், கைநாட்டு. சோறு போட வழியில்லாமல், ஒன்பது வயது மகளை விடுதியில் கொண்டுபோய் விட்டாள். அம்மா பதினொன்றாம் வகுப்பு வரை அங்கே படித்தாள், ஆசிரியப் பயிற்சி முடித்தாள். அவள் சம்பளத்தில் நான் முனைவர் ஆனேன். 1707இல் தரங்கம்பாடியில் நாலு பெண் குழந்தைகளை உட்காரவைத்து எழுத்துக் கற்பித்த அந்தக் கோட்டின் இந்த முனையில் நான் நிற்கிறேன். இதை மறைத்துக்கொண்டு விமர்சனம் எழுதினால் அது பொய்.

"உள்ள சேர்ந்த அன்னிக்கே பொட்ட அழிக்கச் சொன்னாங்க" என்றாள் அம்மா, பலிபீடத்தைப் பார்த்தபடி. "பூ வைக்கக் கூடாது. வளையல் கூடாது. எங்கம்மா கட்டிவிட்ட கனகாம்பரம். வாசல்லயே எடுத்துட்டாங்க. அந்த டீச்சர் நல்லவங்கதான். பாவம்னு சொல்லிச் சொல்லித்தான் எடுத்தாங்க."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"அப்புறம் ஒங்கப்பா போனப்ப ஒங்க அத்தைங்க எடுத்தாங்க. எனக்குப் புதுசா ஒண்ணும் தெரியல. மொத தடவ எடுத்ததுக்குப் படிப்பு குடுத்தாங்க. ரெண்டாவது தடவ எதுக்குன்னுதான் எனக்கு இன்னிவரைக்கும் புரியல."

பெண்ணியக் கோட்பாட்டுப் புத்தகங்களில் காலனியமும் தந்தைவழிச் சமூகமும் கைகோத்து நிற்பதைப் பற்றி எத்தனையோ பக்கம் படித்திருக்கிறேன், மாணவிகளுக்குக் குறிப்பும் கொடுத்திருக்கிறேன். அம்மா இரண்டையும் ஒன்றென்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்றுக்கு விலை கிடைத்தது, மற்றதற்குக் கிடைக்கவில்லை. மிஷனைப் பற்றிய நம் விவாதங்கள் ஒன்று நன்றிக்கடனாகவும் இல்லையென்றால் குற்றப்பத்திரிகையாகவும் முடிந்துவிடுகின்றன. அவர்கள் வராவிட்டால் நீ எழுதப் படித்திருப்பாயா என்பார்கள் ஒரு பக்கம். மதம் மாற்ற வந்தவர்கள்தானே என்பார்கள் மறுபக்கம். இரண்டு பக்கமும் ஆண்கள் அதிகம். வாசலில் பூவை எடுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போன ஒன்பது வயதுக் குழந்தைக்கு இரண்டு பக்கத்திலும் இடமில்லை. தன்னிடம் மிச்சமிருந்த ஒரே மகளைக் கொடுத்து அவளுக்கு எழுத்தை வாங்கிய ஆயாவுக்கும் இடமில்லை. சுவடியை விற்ற பிராமணக் கைம்பெண்ணும் எங்கள் ஆயாவும் ஒரே சந்தையில் எதிரெதிர்த் திசையில் நடந்திருக்கிறார்கள். சாதி அவர்களை ஒருபோதும் பேசிக்கொள்ள விட்டிருக்காது என்பது வேறு விஷயம்.

அந்த அருங்காட்சியகத்தில் எனக்கு ஒரு அறை தரப்பட்டால் அதில் பொருள் எதையும் வைக்கமாட்டேன். ஒரு கணக்கேடு மட்டும் வைப்பேன். யார் எதைக் கொடுத்தாள், என்ன கிடைத்தது, யார் எழுதினார், யார் சாட்சி. ஆவணக் காப்பகங்களில் உட்காரும் மாணவிகளுக்கு இது வேலைத்திட்டமாகவே பயன்படும். ஹாலேயில் கடிதங்கள் இருக்கின்றன. மிஷனரி என்ன எழுதினார் என்று மட்டும் படிக்காமல், யாரைப் பற்றி எழுதும்போது பெயரை விட்டார் என்று படியுங்கள். நம் ஊர்த் தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகள், விடுதிச் சேர்க்கை ஏடுகள், பழைய ஆசிரியைகளின் ஞாபகம் எல்லாம் இன்னும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆசிரியைகளுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது, அங்கிருந்து தொடங்குவது நல்லது.

மாலையில் கோட்டைக்கு முன்னால் சுண்டல் வாங்கிச் சாப்பிட்டோம். கல்லூரிப் பிள்ளைகள் பீரங்கி மேல் ஏறி செல்ஃபி எடுத்தார்கள். கோட்டையைக் காட்டி, இங்கேதான் அவரை அடைத்துவைத்திருந்தார்கள் என்றேன். அம்மா மதிலை ஏறிட்டுப் பார்த்துவிட்டுச் சுண்டல் காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் திருக்கடையூர் வந்தது. காலையில் இறங்கிய குடும்பமோ வேறு குடும்பமோ, மாலையும் பழத்தட்டுமாக ஏறினார்கள். ஒரு கிழவர் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஆசீர்வாதம் பண்ணும்மா" என்று தன் மனைவியையும் இழுத்து நிறுத்தினார். அம்மாவின் நெற்றியை அவர் கவனிக்கவில்லை. அம்மா ஒரு நொடி தயங்கிவிட்டு, இருவர் தலையிலும் கை வைத்தாள். பிறகு சீர்காழிவரை ஒன்றும் பேசவில்லை.

சீர்காழியில் பஸ் நின்றபோது திடீரென்று கேட்டாள்: "ஏண்டி, அந்த நாவிதரு சம்சாரம் கடன் குடுத்தவளா, வாங்கினவளா?"

"ரெண்டு மாதிரியும் படிக்கலாம்மா."

"படிக்கிறது இருக்கட்டும். அவ பணம் வந்துச்சா?"